லினக்ஸுக்குப் புதியவரா? மென்பொருள் நிறுவுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதையொட்டி டெல்லியில் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் பல பழைய லேப்டாப்புகள் லினக்ஸுக்கு மாறிவிட்டன. ஆர்.கே.புரம், கரோல் பாக், மயூர் விஹார் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் போன் வருகிறது. "அண்ணா, மின்ட் போட்டாச்சு. இனி ஜூம் எங்கேயிருந்து எடுக்கணும்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். லினக்ஸில் பல வகைகள் உண்டு, அவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள். அதில் லினக்ஸ் மின்ட், உபுண்டு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

லினக்ஸில் வைரஸே வராது என்கிறார்களே, அப்புறம் எதற்கு இவ்வளவு ஜாக்கிரதை?

வரும். விண்டோஸ் அளவுக்கு அடிக்கடி வராது, அவ்வளவுதான். வீட்டுக் கணினியில் அது பெரும்பாலும் நாமே நிறுவும் ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 2009 டிசம்பரில் க்னோம்-லுக் என்ற டெஸ்க்டாப் அலங்காரத் தளத்தில் அருவி ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் ஒரு .டெப் கோப்பு (மின்ட், உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கோப்பு) இருந்தது. நிறுவியவர்களுக்கு அருவி வரவில்லை. அவர்களுடைய கணினியை வைத்து வேறு தளங்களைத் தாக்கும் ஸ்கிரிப்டு, அதாவது கட்டளைகள் அடங்கிய கோப்புதான் உள்ளே இருந்தது. உள்ளே விட்டது அவர்களே தட்டிய பாஸ்வேர்டு.

நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்கிறதே, அந்த நொடியில் நீங்கள் கொடுப்பது ரூட் அதிகாரம், அதாவது கணினியில் எதையும் செய்யும் முழு அதிகாரம். ஒரு .டெப் கோப்புக்குள் மென்பொருளோடு சில ஸ்கிரிப்டுகளும் இருக்கலாம். நிறுவும்போது அவை ரூட்டாக ஓடும். புதுப் பயனர் கணக்கு தொடங்கலாம், எந்தக் கோப்பையும் மாற்றலாம், கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானும் தொடங்கும்படி செய்துகொள்ளலாம். அதனால் பாஸ்வேர்டு தட்டுவதற்கு முன்னால் நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று: இதை எனக்குக் கொடுப்பது யார்? கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

சரி, எங்கிருந்துதான் நிறுவுவது?

உங்கள் கணினியிலேயே இருக்கும் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து. உபுண்டுவில் ஆப் சென்டர் என்று இருக்கும். அதில் ஸ்னாப்புகளும் சேர்ந்து தெரியும், அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். விண்டோஸ் பழக்கத்தில் கை தானாகக் கூகுளுக்குப் போகும். 'விஎல்சி ஃப்ரீ டவுன்லோட்' என்று தேடி, மேலே வருகிற விளம்பரத்தைத் தட்டுவோம். அந்தப் பழக்கத்தை விட்டாலே பாதிக் கவலை போய்விடும். விஎல்சி, லிப்ரே ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஆடாசிட்டி, குழந்தைகளுக்கான ஜிகாம்ப்ரி எல்லாம் அங்கேயே கிடைக்கும். இவை வருவது டிஸ்ட்ரோ தயாரிப்பாளர்களே வைத்திருக்கும் களஞ்சியம் என்ற மென்பொருள் கிடங்கிலிருந்து. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 12-ஆம் பதிப்பு வெளிவந்தபோதே அதன் களஞ்சியத்தில் 64,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் (நிறுவத் தயாராகப் பொதிந்த மென்பொருள்கள்) இருந்தன.

இது ஏன் பாதுகாப்பானது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆப்ட் என்ற கருவி முதலில் களஞ்சியத்தின் பட்டியலை இறக்குகிறது. அந்தப் பட்டியலில் டிஸ்ட்ரோ தயாரிப்பாளர்களின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அதைச் சரிபார்க்கத் தேவையான சாவி உங்கள் கணினியில் முன்கூட்டியே இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு தொகுப்புக்கும் எஸ்.எச்.ஏ.256 என்ற கணக்கீட்டின் விடை எழுதியிருக்கும். இறக்கிய கோப்பை அதே கணக்கில் போட்டுப் பார்த்து, ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஆப்ட் நிறுவ மறுத்துவிடும். எந்த மிரர் சர்வரிலிருந்து (களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் சர்வர்) வந்தாலும் சரி, நடுவில் கை வைத்தால் பிடிபடும். இவ்வளவும் நீங்கள் எதுவும் செய்யாமலே நடக்கிறது.

களஞ்சியத்தில் பழைய பதிப்புதானே இருக்கிறது? புதுசு வேண்டாமா?

இதை மாணவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பதிப்பு எண் பழையதாக இருக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை அந்தப் பழைய பதிப்பிலேயே சேர்த்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சில நேரம் பழையதாக இருப்பதே காப்பாற்றும். எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடங்களுக்கும் மேலாக அந்தத் திட்டத்தில் நல்லபடியாக உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளராகவே ஆனார். 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ரகசியக் கதவு ஒன்றை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியாக உள்நுழையும்போது அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அதற்குள் அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோவின் முன்னோட்டப் பதிப்புகளுக்கும் போய்விட்டிருந்தன. டெபியன் ஸ்டேபிள் (சோதித்து முடித்த நிலையான பதிப்பு) வைத்திருந்தவர்களுக்கு அது போகவே இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் உபுண்டு எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), மின்ட், டெபியன் ஸ்டேபிள் போன்றவற்றையே எடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஜூம், குரோம் எல்லாம் களஞ்சியத்தில் இல்லையே?

அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு, முகவரியை நீங்களே தட்டிப் போய் .டெப் கோப்பை எடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பு வழியாகப் போக வேண்டாம். குரோமின் .டெப், நிறுவும்போதே கூகுளின் களஞ்சியத்தையும் சேர்த்துவிடும். பிறகு அப்டேட்டுகள் மற்றவற்றோடு சேர்ந்து வரும். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் அதிகாரபூர்வ செயலி கிடையாது. பிரவுசரில் வாட்ஸ்அப் வெப் திறந்தால் போதும். அந்தப் பெயரில் வேறு யாரோ செய்து வைத்திருக்கும் செயலிகளில் க்யூ.ஆர். காட்டி நுழைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உங்கள் உரையாடல் முழுவதும் அதற்குள் போகிறது.

சொந்தத் தளம் என்றாலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் என்ற பிரபலமான மென்பொருளின் அசல் தளத்துக்குப் போனவர்களில் சிலரை, 2020 முதல் 2022 வரை, வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டு அங்கிருந்து நச்சு கலந்த .டெப் கோப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மென்பொருள் ஒழுங்காகவே வேலை செய்தது. கூடவே சேமித்த பாஸ்வேர்டுகளையும் பிரவுசர் வரலாற்றையும் திருடியது. காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் 2023 செப்டம்பரில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அதனால், இறக்கும் கோப்பு எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பிரவுசரின் டவுன்லோட் பட்டியலில் ஒருமுறை பாருங்கள். களஞ்சியத்திலேயே அதே வேலையைச் செய்யும் வேறொன்று இருந்தால் அதையே எடுங்கள்.

ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ்: இதில் எது நல்லது?

மூன்றும் மென்பொருளைக் களஞ்சியத்துக்கு வெளியே வழங்கும் முறைகள், மூன்றும் பயன்படும். மின்ட் வைத்திருந்தால் ஃபிளாட்பேக் போதும். மின்ட் 20-லிருந்து ஸ்னாப்பை அவர்கள் முடக்கியே வைத்திருக்கிறார்கள்.

ஃபிளாட்பேக்கில் நிறுவும்போது மென்பொருளின் ஸ்கிரிப்டு ரூட்டாக ஓடாது, மென்பொருளும் ஒரு வேலிக்குள் இருக்கும். ஆனால் வேலியில் எத்தனை வாசல் என்பதை அந்த மென்பொருளைப் பொதிந்தவரே தீர்மானிக்கிறார். ஃபிளாட்பேக் மென்பொருள்கள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்தில், என்னென்ன அனுமதி கேட்கிறது என்று அதனதன் பக்கத்தில் போட்டிருக்கும். எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அனுமதியை ஒரு கால்குலேட்டர் கேட்டால் விட்டுவிடுங்கள். 'வெரிஃபைட்' என்ற அடையாளம் இருந்தால், அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே அங்கே வெளியிடுகிறார்கள் என்று பொருள். மின்ட் 22 முதல், அந்த அடையாளம் இல்லாதவை சாஃப்ட்வேர் மேனேஜரில் தாமாகத் தெரிவதில்லை. அந்த அமைப்பை அப்படியே விட்டுவையுங்கள்.

ஸ்னாப் ஸ்டோரில் யாரும் கணக்குத் தொடங்கி வெளியிடலாம். 2018 மே மாதம் அங்கே ஒரு விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது. பிறகு போலி கிரிப்டோ வாலட்டுகளும் வந்து, நம்பியவர்கள் பணத்தை இழந்தார்கள். ஸ்டோரில் இருக்கிறது என்பதாலேயே யாரோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள்.

ஆப்இமேஜுக்கு ரூட் தேவையில்லை, வேலியும் இல்லை. ரூட் இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் போட்டோ, ஆதார் ஸ்கேன், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் இருப்பது உங்கள் ஹோம் ஃபோல்டரில். அதைப் படிக்க எந்த நிரலுக்கும் ரூட் வேண்டியதில்லை.

ஒரு வீடியோவில் பிபிஏ சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்கலாமா?

தேவையில்லாமல் சேர்க்காதீர்கள். பிபிஏ என்பது லான்ச்பேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய தனியார் களஞ்சியம். அதைச் சேர்ப்பது வீட்டுச் சாவியின் நகலை ஒருவரிடம் கொடுத்துவைப்பது மாதிரி: இன்றைக்கு ஒரு வேலைக்காக வந்தவர் நாளைக்கும் வரலாம். நீங்கள் ஒரு வீடியோ எடிட்டருக்காகச் சேர்த்த பிபிஏ, அடுத்த அப்டேட்டில் உங்கள் சிஸ்டத்தின் வேறு எந்தத் தொகுப்பையும் உயர்ந்த பதிப்பு எண் போட்டு மாற்றிவைக்க முடியும். கெட்ட எண்ணம் இருக்க வேண்டுமென்றுகூட இல்லை. அவர் பராமரிப்பதை நிறுத்திவிட்டால், அடுத்த உபுண்டு பதிப்புக்கு மாறும்போது அங்கேதான் சிக்கும். ஏற்கெனவே சேர்த்ததை மின்ட்டில் சாஃப்ட்வேர் சோர்சஸ் என்ற இடத்தில் பார்த்து நீக்கலாம்.

டெர்மினலில் காப்பி-பேஸ்ட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

உங்களுக்குப் புரிந்த கட்டளையை மட்டும். டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டி ஓட்டும் திரை, ஆபத்தான இடம் ஒன்றும் இல்லை. என்ன நடக்கிறது என்பதை சாஃப்ட்வேர் மேனேஜரைவிட அது தெளிவாகக் காட்டும். ஆனால் அங்கே 'உறுதியா?' என்று திரும்பக் கேட்கிற பழக்கம் குறைவு.

சில அடையாளங்களைச் சொல்கிறேன். கர்ல் என்று தொடங்கி நடுவில் செங்குத்துக் கோடு வந்து பேஷ் என்று முடிந்தால், இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை எடுத்து, நீங்கள் படிக்காமலே, அப்படியே ஓட்டச் சொல்கிறார்கள். பேஷுக்கு முன்னால் சூடோ இருந்தால் அந்த ஸ்கிரிப்டு ரூட்டாக ஓடும். ஆர்.எம். என்றால் அழிப்பது, கூடவே ஹைஃபன் ஆர்.எஃப். இருந்தால் ஃபோல்டரோடு, கேள்வி கேட்காமல் அழிப்பது. அர்த்தமில்லாத எழுத்துகள் நீளமாக வந்து பேஸ்64 என்ற சொல்லும் இருந்தால் உள்ளடக்கத்தை மறைத்திருக்கிறார்கள், தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று, இது டெல்லிக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்க ஒரு பொத்தானை அழுத்தி, டெர்மினலைத் திறந்து ஒட்டச் சொல்லும் பக்கங்கள் வந்திருக்கின்றன. 2025 மே மாதம், நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்திக்குறிப்புப் பக்கம் போலவே அமைத்த போலித் தளம் ஒன்றில், லினக்ஸிலிருந்து வருகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு கட்டளை வைத்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எந்த நல்ல தளமும் கேப்சாவுக்காக உங்களை டெர்மினலுக்கு அனுப்பாது.

சாட்ஜிபிடி சொன்ன கட்டளையை நம்பலாமா?

விளக்கம் கேட்க நல்லது. ஆனால் இல்லாத தொகுப்புப் பெயர்களையும் அது நம்பிக்கையோடு சொல்லும். சொன்ன பெயர் சாஃப்ட்வேர் மேனேஜரில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

டெர்மினலில் பாஸ்வேர்டு தட்டினால் ஒன்றுமே தெரியவில்லை. கெட்டுப்போச்சா?

இல்லை. எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியாதபடி மறைப்பது பல லினக்ஸ்களில் வழக்கம். தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள்.

நிறுவும்போது ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வந்து, 'ஒய்' (யெஸ்) அல்லது 'என்' (நோ) என்று கேட்கிறது. படிக்கணுமா?

முழுக்க வேண்டாம். 'ரிமூவ்ட்' என்று ஒரு வரி வருகிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். புதிதாக ஒன்றைப் போடும்போது பழையது ஒன்றிரண்டு போகலாம். பத்து இருபது பெயர் போகிறது, அதில் டெஸ்க்டாப் என்ற சொல்லும் இருக்கிறது என்றால் 'என்' எழுத்தை அழுத்தி வெளியே வாருங்கள். 2021-ல் லைனஸ் செபாஸ்டியன் என்ற கனடா யூடியூபர், பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். தொகுப்பில் இருந்த ஒரு கோளாறால், ஸ்டீமைப் போட டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. எச்சரிக்கையும் கொடுத்து, 'யெஸ், டூ ஆஸ் ஐ ஸே!' என்று முழு வாக்கியத்தைத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார், திரை கறுப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆப்ட்டிலேயே இந்த வழியைக் கடினமாக்கினார்கள். அனுபவசாலிகளே தாண்டிப் போகும் வரி அது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆபீஸ் மெயிலில் வந்த பிடிஎஃப்பைத் திறந்தால், இதை நம்பி இயக்கலாமா என்று கேட்கிறது. ஏன்?

திறக்காதீர்கள். பிடிஎஃப்புக்கு அந்தக் கேள்வி வரவே வராது.

மத்திய அரசு வேலையில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் பல அரசு அலுவலகங்களில் இருக்கிறது. ஏபிடி36 என்று பெயரிடப்பட்ட உளவுக் குழு அதைக் குறிவைத்ததாக சைஃபர்மா நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. மெயிலில் ஒரு ஜிப் கோப்பு வரும். உள்ளே கூட்ட அறிவிப்பு மாதிரி பெயரில் ஒரு கோப்பு; நடுவில் பிடிஎஃப் என்று இருக்கும், உண்மையான முடிவு .டெஸ்க்டாப். அந்த வகைக் கோப்பு லினக்ஸில் ஒரு ஷார்ட்கட். எந்தக் கட்டளையையும் ஓட்டும். அதைத் தட்டினால் ஃபயர்ஃபாக்ஸில் நிஜமான ஒரு பிடிஎஃப் திறக்கும், படிப்பவருக்குச் சந்தேகமே வராது. பின்னால் உளவு நிரல் இறங்கி, கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடும்படி தன்னைப் பதித்துக்கொள்ளும்.

சரிபார்க்க அரை நிமிடம் போதும். கோப்பின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், 'டைப்' என்ற வரி. அங்கே பிடிஎஃப் டாக்குமென்ட் என்று இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும், அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். அதே மெயிலுக்குப் பதில் எழுதிக் கேட்காதீர்கள்.

நேரு பிளேஸில் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். கடையிலேயே லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். அப்படியே பயன்படுத்தலாமா?

கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். நீங்களே மறுபடி நிறுவுங்கள். அதில் அவர் வைத்த கணக்கு, அவர் தெரிந்த பாஸ்வேர்டு, அவர் வசதிக்காகப் போட்ட ரிமோட் மென்பொருள் எல்லாம் இருக்கலாம். எந்த பென்டிரைவிலிருந்து போட்டார் என்பதும் நமக்குத் தெரியாது.

லினக்ஸை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பையும் சரிபார்க்க வேண்டுமா?

கட்டாயம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்தையே உடைத்து, 17.3 சின்னமன் பதிப்பின் இறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்குள் மின்ட் குழுவே கண்டுபிடித்து அறிவித்தது.  இப்போது மின்ட் இருக்கும் ஒரு கணினி பக்கத்தில் இருந்தால், ஐஎஸ்ஓ மேல் வலது சொடுக்கி 'வெரிஃபை' என்று தட்டினாலே கையொப்பம் வரை பார்த்துச் சொல்லிவிடும்.

கிராக் செய்த விண்டோஸ் மென்பொருளை வைனில் ஓட்டினால் லினக்ஸுக்கு ஒன்றும் ஆகாதுதானே?

ஆகும். வைன் ஒரு வேலி கிடையாது. வழக்கமான அமைப்பில் உங்கள் கணினியின் முழு ஃபைல் சிஸ்டமும் அதற்குள் இஸட் டிரைவாகத் தெரியும். விண்டோஸுக்காக எழுதிய ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்), அந்த வழியாக உங்கள் ஹோம் ஃபோல்டரைப் பூட்ட முடியும்.

தமிழ் எழுத்துருவும் கீபோர்டும் எங்கே எடுப்பது?

களஞ்சியத்திலேயே. நோட்டோ, லோகித் எழுத்துருக்கள் இருக்கின்றன. தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு மூன்றும் வந்துவிடும். பழைய பாமினி எழுத்துரு தேவைப்பட்டு வெளியிலிருந்து எடுத்தால், அது .டிடிஎஃப் கோப்பாக இருக்க வேண்டும். ஹோம் ஃபோல்டரில் வைத்தாலே போதும், பாஸ்வேர்டு தேவையில்லை. எழுத்துரு என்று சொல்லிப் பாஸ்வேர்டு கேட்டால் எடுக்காதீர்கள்.

கடையில் கேனான் 2900 பிரிண்டர் இருக்கிறது. டிரைவர்?

இந்த ஒன்றில் எனக்கே வருத்தம் உண்டு. நாட்டில் பாதிக் கடைகளில் இருக்கும் அந்த பிரிண்டர், லினக்ஸில் கேனானின் சொந்த கேப்ட் டிரைவர் இல்லாமல் எளிதாக ஓடுவதில்லை. வேலை ஆகவேண்டுமே என்று யாரோ எழுதிய ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டிவிடுகிறார்கள். கேனானின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். நிறுவத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், டிரைவர் இல்லாமலே அச்சடிக்கும் ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரின்ட் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆன்டிவைரஸ் வேண்டுமா?

வீட்டுக்கு வேண்டாம். விண்டோஸ் வைத்திருப்பவர்களோடு அடிக்கடி பென்டிரைவ் மாற்றிக்கொண்டால் கிளாம்ஏவி போடலாம். அதுவும் களஞ்சியத்தில் இருக்கிறது. அதைவிட, அப்டேட் மேனேஜர் காட்டுவதை அன்றன்றைக்கே நிறுவுவது பலமடங்கு பயன் தரும்.

ஏதோ தப்பாக நிறுவிவிட்டேன் என்று தோன்றுகிறது. என்ன செய்ய?

சும்மா கணினி குழம்பிப்போனது என்றால் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. மின்ட்டோடு வருகிறது, ஆனால் முதல் நாளே திறந்து அமைத்து வைத்திருக்க வேண்டும். சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் போட்டோ, கோப்புகளை அது வழக்கமாகச் சேமிப்பதில்லை, அதற்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் வையுங்கள்.

நச்சு நிரல் என்ற சந்தேகம் இருந்தால் டைம்ஷிஃப்ட் போதாது. முதலில் வைஃபையை அணையுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து, மெயில் பாஸ்வேர்டை முதலிலும் பேங்க் பாஸ்வேர்டை அடுத்தும் மாற்றுங்கள். எல்லா இடத்திலும் லாக்-அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும். பிறகு ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, டிஸ்கை முழுக்க அழித்து, சரிபார்த்த ஐஎஸ்ஓவிலிருந்து புதிதாக நிறுவுங்கள். ஹோம் ஃபோல்டரை அப்படியே திரும்ப ஒட்டாதீர்கள். புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்கள் அதில் இருக்கும். தானாகத் தொடங்கும் நிரல்கள் ஒளிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான்.